இனாஸ் கேட்ட சிலுவை

1

என் மகள் செல்வியின் பள்ளிக்கூடத்தில் போன திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். நீலக் கேடயம், நடுவில் வெள்ளைச் சிலுவை. சட்டையில் குத்திவிடச் சொல்லி என்னிடம் நீட்டினாள். நான் இரண்டடி பின்னால் போய், அம்மாவிடம் கொடு என்றேன். பேட்ஜ் செய்து பிழைக்கிறவன் பேட்ஜைக் கண்டு பின்வாங்கினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேடிக்கையாகத்தானே இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா டர்தா ஹை" என்று அவள் அம்மாவிடம் ஹிந்தியில் சொன்னாள். அப்பா பயப்படுகிறார் என்று அர்த்தம். என் மனைவி பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிள்ளை உள்ளதைத்தான் சொன்னாள்.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறீர்கள். பம்பாய்க்குப் போய்விட்டாய், இனி உனக்கு என்ன குறை, மின்சார ரயிலில் போகிறாய், தினமும் கடலைப் பார்க்கிறாய் என்று. தாராவியில் எங்கள் சந்திலிருந்து கடல் தெரியாது. தோல் காயப்போட்டிருப்பது தெரியும். காலையில் குழாயடியில் வரிசை, பிறகு பட்டறை, சாயங்காலம் திரும்பவும் குழாயடி. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் இந்த ஜனவரியோடு அந்த விஷயம் நடந்து ஒரு வருஷம் முடிகிறது. பம்பாயில் நான் எதைக் கண்டேன் என்று கேட்டால், பயத்தைக் கண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதையே எழுதுகிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கு ஒரு தைரியமும் இருக்கிறது. இதை யார் வாசிக்கக்கூடாதோ அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என் மகளுக்கே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இரண்டு வரியில் அலுத்துப்போய் வைத்துவிடுவாள்.

2

நான் முதலில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன். திருநெல்வேலியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து குடத்திலும் செம்பிலும் கல்யாணச் சீர் சாமான்களிலும் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கொடுத்த பேரை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அது அரைவேலை. பேருக்கு முன்னால் ஒரு பூ, முடிவில் ஒரு கொடி, பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற குடமாக இருந்தால் ஒரு கிளி, இப்படி ஏதாவது கேட்காமலே போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. என்ன போடட்டும் என்று கேட்கவும் மாட்டோம். கேட்டுப் போட்டால் அதில் என்ன மதிப்பு இருக்கிறது? வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கைக்காரன் என்று அவர்களாகச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு தடவைதான் அதில் மாட்டிக்கொண்டேன். நாங்குநேரியிலிருந்து வந்த ஓர் ஐயங்காருடைய செம்பில், சும்மா இருக்க முடியாமல், பேருக்கு மேலே ஒரு நாமம் வெட்டினேன். நாமத்துக்குக் கீழே பாதம் வைக்கவில்லை. மனுஷர் செம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, இது வடகலை நாமம், நான் தென்கலை, என்னை ஊரைவிட்டுத் தள்ளி வைக்கப் பார்க்கிறாயா என்று கடைத்தெரு கேட்கச் சத்தம் போட்டார். சின்னதாக ஒரு பாதம், அதற்கு இவ்வளவா என்று அன்றைக்குச் சிரித்தேன். புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பம்பாயில் எனக்கு வேலை கொடுத்தவர் மேலப்பாளையத்துக்காரர் காதர் பாய். தாராவிக்குள் பேட்ஜ் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம், பாண்டு வாத்தியக் கோஷ்டி, விளையாட்டுச் சங்கம், கோயில் சபை என்று எல்லோருக்கும் பேட்ஜ். என் வேலை எஃகில் அச்சு வெட்டுவது. அதைச் செப்புத் தகட்டில் அடித்து, பள்ளத்தில் எனாமல் தூளை நிரப்பி, சூளையில் வைத்து எடுப்பார்கள். வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது, பம்பாயில் பாதிப் பேட்ஜ் சிலுவைதான்.

நீங்கள் நினைப்பது போல ஒரே சிலுவை இல்லை. நம் ஊரில் தேவாலயத்து உச்சியில் ஒன்றைப் பார்த்துவிட்டு அவ்வளவுதான் என்றிருந்தேன். இங்கே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொன்று. பட்டறையில் எங்களுக்கு இங்கிலீஷ் பேர் தெரியாது, நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். நாலு கையும் சமமாக இருந்தால் கட்டை. கீழ்க்கை நீண்டால் நெடுங்கட்டை. மூன்று படிமேல் நின்றால் படிக்கட்டு. கை ஓரத்துக்குப் போகப் போக அகன்றால் விசிறி. அந்த விசிறியின் ஓரத்தில் வெட்டு விழுந்தால் எட்டுமுனை, அதை முதலுதவிக்காரர்கள் கேட்பார்கள். நுனி இரண்டாகப் பிளந்து சுருண்டால் கொக்கி. கீழ்க்கை கூராக இறங்கினால் கடப்பாரை. சாய்த்துப் போட்டால் பெருக்கல். நுனியில் மும்மூன்று இலை இருந்தால் மூவிலை. காதர் பாய் பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் வாங்கிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் பட்டறையில் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் கேடயமும் சிலுவையும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்னவோ எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் படத்தை மட்டும் பார்ப்பேன்.

3

இனாஸ் கோவாக்காரர். கப்பலில் சமையல்காரர். ஐம்பது வயது இருக்கும், ஆள் ஒல்லி, பேச்சும் கம்மி. மாஹிமில் அவர்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு கிளப் இருக்கிறது. கிளப் என்றால் சீட்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கப்பலில் இறங்கி அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அந்த ஊர் ஆண்கள் வந்து தங்குகிற பெரிய அறை. சுவரோரமாக ஆளுக்கொரு தகரப்பெட்டி, மூலையில் அவர்கள் ஊர்ச் சாமி. அந்தச் சாமியின் திருநாளுக்கு எல்லோரும் குத்திக்கொள்ள ஐம்பது பேட்ஜ் வேண்டும் என்று வந்தார்.

எங்கள் பட்டறையின் ஆர்டர் துண்டுக் காகிதத்திலேயே பென்சிலால் வரைந்து கொடுத்தார். கேடயத்துக்குள் மூவிலைச் சிலுவை. ஊரில் அவர்கள் கோயில் உச்சியில் இருப்பது அதுதானாம். நடு இலை பெரிது, பக்கத்து இலை இரண்டும் சிறிது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். துண்டின் பின்னால் வழக்கம்போல நான் என் கையெழுத்தைப் போட்டு, மேஜைக்கு மேலே இருக்கிற ஆணியில் குத்தினேன். யார் வெட்டுகிறாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும், அது பட்டறைச் சட்டம்.

வெட்ட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பேட்ஜ் கட்டைவிரல் நகத்தளவு. அதற்குள் சிலுவை, அதன் நுனிகளில் பன்னிரண்டு இலை. எனாமல் ஊற்றினால் இலையெல்லாம் சேர்ந்து கொழுக்கட்டை ஆகிவிடும். இனாஸிடம் போய்க் கேட்டிருக்கலாம். மாஹிம் நடக்கிற தூரம்தான். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன் கேட்க மாட்டான் என்று சொன்னேன் அல்லவா? புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு சிலுவை கண்ணில் பட்டது. கை நேராகவே வந்து நுனியில் மட்டும் சட்டென்று விரியும். சிவப்புச் சிலுவை, அதற்குள்ளே மெல்லியதாக ஒரு வெள்ளைச் சிலுவை. அப்படியொரு லட்சணம். கேடயத்தில் கச்சிதமாக உட்காரும், எனாமலும் அழகாக நிற்கும். இவருக்கு நம் செலவில் ஒரு கிளி போட்டுக் கொடுப்போம் என்ற சந்தோஷத்தில் வெட்டினேன். மூன்று நாள் வேலை. வெட்டி முடித்து நானே அதைப் பத்துத் தடவை பார்த்தேன்.

அது எந்த நேரம் என்று சொல்ல வேண்டும். நம் ராணுவம் கோவாவுக்குள் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போர்ச்சுகீசியர்கள் போய்விட்டார்கள் என்று டீக்கடையில் மிட்டாய் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். இனாஸ் மாதிரி ஆட்களுடைய காகிதமெல்லாம் போர்ச்சுகல் காகிதம். அந்தக் காகிதத்துக்கு இனி என்ன மதிப்பு என்று யாருக்கும் தெரியாமல் இருந்த சமயம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இனாஸ் வந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பேட்ஜை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை திருநாள்.

4

திங்கட்கிழமை காலையில் காதர் பாய் பட்டறைக்குள் வேகமாக வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த மாஹிம் ஆர்டரு வெட்டுனது நீதானல?"

"ஆமா பாய்."

"அது போர்ச்சுகீசுக்காரன் சிலுவையாம்ல. அவன் கப்பல்லயும் ஏரோப்ளேன்லயும் போடுதது. எவனோ பாத்துட்டுப் போலீசுல சொல்லிட்டான். அம்பதையும் அள்ளிட்டுப் போய்ட்டாவ. இனாசையும் கூட்டிட்டுப் போய்ட்டாவ."

செய்தது யார் என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நம் பேர் இதுவரை வரவில்லை, வாயைத் திறக்காமல் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காக்கி எது போனாலும் எனக்குத்தான் என்று தோன்றியது. தபால்காரர் காக்கி, பஸ் கண்டக்டர் காக்கி. இரண்டு தடவை மூத்திரம் போக எழுந்தேன், இரண்டு தடவையும் வரவில்லை. நாட்டுக்கு விரோதமாக வேலை செய்தவன் என்று சொன்னால் எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள்? மதராஸி என்று சொல்லி ரயில் ஏற்றிவிடுவார்களோ? அப்படி ஏற்றினாலும் பரவாயில்லை, ஏற்றாமல் வைத்துக்கொண்டால் பேச்சியும் பிள்ளையும் என்ன செய்வார்கள்? ரேஷன் கார்டில் சுடலைமுத்து என்ற என் பேரை முன்பின்னாகக் குழப்பி மாட்டலி சோடூ என்கிற மாதிரி என்னவோ எழுதி வைத்திருந்தார்கள். அதைத் திருத்தச் சொல்லி இரண்டு வருஷமாக ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தேன். திருத்தாமல் விட்ட அந்தக் குமாஸ்தாவை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். போலீஸ் சுடலைமுத்து என்று தேடினாலும் அந்தப் பேரில் யாரும் அகப்பட மாட்டார்கள்.

அப்போதுதான் ஆணியில் தொங்குகிற ஆர்டர் துண்டு ஞாபகம் வந்தது. அதில் பட்டறைப் பேர், பின்னால் என் கையெழுத்து.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் எழுந்து போய்த் துண்டை உருவினேன். சூளைக் கதவைத் திறந்து உள்ளே போட்டேன். எரிகிறதைப் பார்க்கக்கூட இல்லை, கதவைச் சாத்திவிட்டேன். பிறகு அச்சை எடுத்து அரத்தால் தேய்த்தேன். மூன்று நாள் வெட்டியது அரை மணியில் மொட்டையாகிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்து சோற்றைத் தின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. இனாஸ் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

5

புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண் கறுப்புக் குடையோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். இனாஸுடைய மனைவி லூசியா. திருநாளுக்காக ஊரிலிருந்து வந்தவர். பேட்ஜ் சுற்றிக் கொடுத்த காகிதத்தில் எங்கள் பட்டறை முத்திரை இருந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு தாராவி முழுக்க விசாரித்து வந்திருக்கிறார்.

கொங்கணியும் ஹிந்தியும் கலந்து பேசினார். அவர் சொன்னது இவ்வளவுதான். செய்தவர் பேரைச் சொன்னால் விடுவதாக ஸ்டேஷனில் சொல்கிறார்கள், அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் கேட்டது வேறு சிலுவை என்கிறார், அதை அவர்கள் நம்பவில்லை. கப்பலில் ஏறக் காட்ட வேண்டிய கப்பல் புத்தகம் போலீஸ் கையில் இருக்கிறது. நாளை மத்தியானம் ஒரு மணிக்கு அவர் ஏற வேண்டிய கப்பல் போகிறது. இதை விட்டால் இந்தக் காகிதத்தோடு இன்னொரு கப்பலில் அவரை யார் எடுப்பார்கள்?

"அவர் கையால் வரைந்து கொடுத்த துண்டு உங்களிடம் இருக்குமே, அதை மட்டும் கொடுங்கள்" என்றார். "எங்கள் கோயில் சிலுவை அதில் இருக்கிறது. அதைப் பார்த்தால் நம்புவார்கள்."

நான் காதர் பாயைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே என்று சொன்ன மனுஷன், இல்லை என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நேராக ஆணியிடம் போய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கடைசிவரை கழற்றினார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"முத்து, இதுலதானல இருந்துச்சு? நீ பாத்தியா?"

"இல்ல பாய்" என்றேன்.

லூசியா என் பக்கம் திரும்பினார். காகிதம் இல்லையா என்று கேட்டார். "காகஸ் நஹீ" என்றேன். என் கையில் அப்போதும் அரம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அழவில்லை. பரவாயில்லை, தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு சந்தில் இறங்கிப் போனார். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் எரித்தது இனாஸைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே காகிதம். அந்த இடத்திலேயே அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் நாற்காலியைவிட்டு எழவில்லை.

சாயங்காலம் பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை எரித்ததையும் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க போகலன்னா அந்தப் பொம்பள மொகத்த நான் எப்பிடி நினைச்சுட்டு சோறு பொங்குவேன்?"

போய் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறி வாங்கவும் பஸ் ஏறவும் போதும், போலீசுக்குப் போதாது. செல்வியைக் கூப்பிட்டு, ஐயா, தப்பு என்னுடையது என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "சாஹப், கல்தி மேரி ஹை" என்றாள். நான் கல்தி மேரா என்றேன். மேரா இல்லை மேரி என்று மூன்று தடவை திருத்தினாள். பிறகு, நீ என்ன தப்புப் பண்ணின என்று ஹிந்தியிலேயே கேட்டாள். நான் மேரி, மேரி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

வியாழக்கிழமை எட்டு மணிக்கே ஸ்டேஷன் பக்கம் போய்விட்டேன். உள்ளே போகவில்லை. வாசலைக் கடந்து போய், ஓரிடத்தில் டீ குடித்து, திரும்பவும் கடந்தேன். மூன்றாவது தடவை கடக்கும்போது வாசலில் நின்ற ஹவல்தார் என்னைக் கவனித்துவிட்டார் என்று தோன்றியது. அந்தப் பயத்தில் எதிர்ப்புறச் சந்துக்குள் போய் நின்றுகொண்டேன். கப்பல் ஒரு மணிக்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். எங்கேயோ பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது, இனி இதற்குமேல் நின்றால் நான் மனுஷனே இல்லை என்று உள்ளே நுழைந்தேன்.

இனாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார். நான் மேஜைக்கு முன்னால் போய் நின்று, "சாஹப், கல்தி மேரா ஹை" என்றேன். பக்கத்திலிருந்த எழுத்தர் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

அவருக்கு விளங்கும்படி சொல்வதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. இவர் கேட்டது ஒன்று, நான் வெட்டியது ஒன்று, இவருக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றேன். அத்தாட்சி எங்கே என்றார். ஒரு துண்டு இருந்தது, தொலைந்துவிட்டது என்றேன். எரித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கேட்காததை நீ ஏன் செய்தாய் என்றார். அழகுக்கு என்றேன். பாத்திரம், பேர், கிளி என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு காகிதத்தையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளி, இந்த ஆள் கேட்ட சிலுவையை வரை என்றார்.

கை நடுங்கினால் கோடு நடுங்கும். ஆனால் பென்சிலைப் பிடித்ததும் கை அதன் வேலையை எடுத்துக்கொண்டது. கேடயம். நாலு கை. நுனிக்கு மூன்று இலை, நடு இலை பெரிது, பக்கத்து இலை சிறிது. எரித்த துண்டு என் கண் முன்னால் அப்படியே இருந்தது. ஒரு கோடுகூட மறக்கவில்லை. வரைந்து கொடுத்தேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையே இனாஸை வரையச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"நாலு நாளா கேட்கிறேன், உன் பேரைச் சொல்லவில்லை" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "வெட்டியவன் ஒன்றும் தெரியாதவன், பார்த்தும் வாங்கிக்கொண்டது நான், குற்றம் என்னுடையது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்."

வெள்ளிக்கிழமை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாரே, அப்போதே இனாஸுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டே நாளில் திருநாள், அதோடு நான் நின்ற நிலையைப் பார்த்து அவருக்குச் சொல்ல மனம் வரவில்லை. சாமி சிலுவையின் ஓரத்தையா பார்க்கப்போகிறது என்று நினைத்தாராம். பெஞ்சில் இருந்தபடியே அதைச் சொன்னார்.

பேட்ஜ் ஐம்பதையும் உருக்கிவிட வேண்டும் என்று உத்தரவு. என் வாக்குமூலத்தை மராட்டியில் எழுதினார்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தமிழில் கையெழுத்துப் போட்டேன். கப்பல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அந்தப் பாரம் இன்னோர் அறையில் இருந்தது. அந்த அறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆனதை நானும் இனாஸும் சேர்ந்து பார்த்தோம்.

7

வெளியே வந்தபோது இரண்டே முக்கால். லூசியா வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே நடந்ததை இனாஸ் கொங்கணியில் அவருக்குச் சொன்னார். கப்பல் ஒரு மணிக்கே போயிருந்தது. புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து மேலே தட்டிவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு என்னிடம் திரும்பினார். நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஹிந்தியில் மெதுவாகப் பேசினார். கிளப்பில் ஒருவருக்கும் உன்னைத் தெரியாது, நீயாகத்தான் எங்கேயோ கேள்விப்பட்டிருக்க வேண்டும், கேள்விப்பட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாயா என்று கேட்டார். லூசியா பட்டறைக்கு வந்தது அவருக்குத் தெரியாது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமையே தெரியும், உங்கள் துண்டை நான்தான் எரித்தேன், காலையிலிருந்து எதிர்ச்சந்தில் நின்றேன், இதில் எதைச் சொன்னாலும் போதும். போலீஸ்காரர் முன்னால் இல்லாத பயம் அந்த மனுஷர் முன்னால் வந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

லூசியா முந்தின நாள் என் எதிரே நின்றவர். என் கையில் அரத்தைப் பார்த்தவர், காகிதம் இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டவர். என்னை நேராகப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆமாம்" என்றார் தன் கணவரிடம். "கேள்விப்பட்ட உடனே வந்துவிட்டார்."

இனாஸுக்கு அடுத்த கப்பல் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் மாஹிம் ரோட்டில் என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்துவார். கூட வருகிறவர்களிடம் என் தோளில் கையைப் போட்டு, என் விஷயம் கேள்விப்பட்ட உடனே ஓடி வந்த ஆள் இவர்தான் என்று சொல்வார். லூசியா கூட இருந்தால் அந்த நேரம் கடைப்பக்கம் திரும்பி எதையாவது விலை கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து என் கையைக் குலுக்குவார்கள். நானும் ஒருவர் விடாமல் கைகொடுத்தேன்.